ஒரே யானை

குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒரு யானைச் சின்னம் வேண்டும். பூங்கோதையின் வடிவமைப்புக் குழுவில் நான்கு பேரும் ஆளுக்கொரு யானை வரைந்துவந்து, அடுத்தவர் யானையைப் பன்றி என்றார்கள். சின்னத்தைப் பார்க்க மருத்துவமனை டாக்டரம்மா வரும் நேரம் நெருங்கியது. பூங்கோதை சுவரில் பெரிய தாளை ஒட்டினாள்.

"எல்லாரும் சேர்ந்து ஒண்ணே ஒண்ணு வரைங்க. ஒருத்தர் போட்ட கோட்டை இன்னொருத்தர் அழிக்கக் கூடாது."

முணுமுணுத்துக்கொண்டே ஆரம்பித்தவர்கள், ஜோயல் வரைந்த தொப்பையைப் பார்த்ததும் சிரிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டாக்டர் உள்ளே வந்துவிட்டார். பூங்கோதை முன்னால் வந்தாள்.

"இன்னும் முடியலையா?"

"வால் மட்டும் பாக்கி, மேடம்."

டாக்டர் தாளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பென்சிலை இப்படிக் கொடுங்க."