உள்ளே கத்தினவன்

"காலேஜுல சேரணும்னாக்கூட இப்பல்லாம் பொழுதுபோக்கு இன்னானு கேக்கறானுங்க! படிக்கப் போற பொண்ணுக்கு அது எதுக்கு?" முதல்வர் அறை வாசலில் பொருமினார் ஆரம்பாக்கம் செங்கல்வராயன்.

"உங்க பொண்ணு இன்னா எழுதிச்சு?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்த கிஃபாயத்துல்லா. அவரும் மகளைச் சேர்க்க வந்தவர்தான்.

"யாருக்குத் தெரியும் பாய்? ஏதோ தானாவே கத்துக்கினாளாம். நான் கைநாட்டு. அவ எழுதினதைப் பாத்து சீட்டு இல்லேன்னுட்டா, நாத்து நடத்தான் போவணும்."

செங்கல்வராயனின் மகள் ரத்னா உள்ளே போன சற்று நேரத்தில் திரைக்கு அப்பாலிருந்து கரகரத்த ஆண்குரல் ஒன்று கேட்டது.

"இன்னாம்மா, சீட்டு குடுப்பியா, மாட்டியா? கவர்மென்ட்டையே நம்பாதவன் நானு!"

கிஃபாயத்துல்லா திரும்பி செங்கல்வராயன் வாயையே பார்த்தார்.

"எவன் பாய் அவன், மரியாதை கெட்டவன்? எம் பொண்ணு சீட்டையும் சேத்துக் கெடுத்துடுவான்!" செங்கல்வராயன் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

அங்கே ஆண் எவனும் இல்லை. முதல்வர் அம்மா கண்ணில் நீர்வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சீட்டு கெடைச்சிடுச்சு நைனா!" என்றாள் ரத்னா. "பல குரல்ல பேசுவேன்னு எழுதியிருந்தேன். பேசிக் காட்டச் சொன்னாங்க. உன்னை மாதிரி பேசினேன்."

"அச்சு அசல் நீங்கதான்!" என்றார் வாசலில் நின்ற கிஃபாயத்துல்லா.

"போ பாய், எங் கொரலு அப்படியா கீது?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார் செங்கல்வராயன்.