ஓநாய்ப் பழம்

"அக்கா, இங்க வாங்க! இதப் பாருங்க!"

காட்டுக்குள் பைவி போட்ட கூச்சலில், ஏரிப்பக்கம் பழம் பறித்துக்கொண்டிருந்த நாத்தனார் சிர்க்கா வாளியோடு ஓடி வந்தாள்.

பைவியின் மகன் நீலோவின் வாளியில், ப்ளூபெர்ரிகளுக்கு நடுவே மூன்று ஓநாய்ப் பழங்கள். கறுப்பு, உருண்டை, விஷம்.

"ஐயோ! வாயில போட்டுட்டானா?"

"இல்ல. நல்லவேளை, கண்ணுல பட்டுச்சு."

பன்னிரண்டு வயது நீலோவுக்குப் பார்வை இல்லை. ஆறு வயதில் கண்ணில் தொடங்கிய பரம்பரை நோய், இப்போது நடையையும் பேச்சையும் தின்றுகொண்டிருந்தது. ஆனாலும் விரலால் தடவியே பழம் பறிப்பான். தப்பான காய் ஒன்றுகூட வாளியில் விழாது.

"இவன் பறிச்சிருக்க மாட்டான். எங்க அவ?" என்றாள் சிர்க்கா.

எட்டு வயது வென்லா காலி வாளியோடு அண்ணனை ஒட்டி நின்றிருந்தாள்.

"நீ பறிச்சத அண்ணன் வாளியில கொட்டினியாடி?" என்றாள் பைவி.

"ம்."

"நாலு இலைக்கு நடுவுல ஒத்தையா நிக்கிற பழத்தத் தொடாதேன்னு, நீ நடக்கப் பழகினதுலேர்ந்து சொல்றேனே! தெரியாமப் போட்டியா?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

"பாத்தியா!" என்றாள் சிர்க்கா. "பொறாமை புடிச்ச கழுதைன்னு நான் அப்பவே சொல்லல? அவனோட, பேசி மணி சொல்ற கடிகாரத்தப் புடுங்கிக் கட்டிக்கிறா. தானே படிக்கத் தெரிஞ்சவ, ராத்திரியானா உங்கிட்ட 'எனக்கும் நீயே கதை படி'ன்னு அடம்."

"ஆமா, பொறாமைதான்!" வென்லா கத்தினாள். "எப்பப் பாரு நீலோ, நீலோ! எனக்குச் சனிக்கிழமை மட்டும்தான் மிட்டாய். அவனுக்குத் தெனமும் சனிக்கிழமை! அந்த நோய் உங்கிட்டேர்ந்தும் அப்பாகிட்டேர்ந்தும் வந்துச்சாமே, அதுக்காக அவன மட்டும் கொஞ்சுவீங்களா?"

"அதுக்காகக் கொன்னுடுவியா அவன?" பைவி, நீலோவின் வாளியைப் பாசிமேல் கவிழ்த்தாள். "வண்டியில போய் உக்காரு. உன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கல."

வென்லா திரும்பினாள். நீலோ துழாவி அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு வார்த்தைகள் தேடித் தேடித்தான் வரும்.

"பொய்... பொய்ம்மா. அவளுக்கு இலை... தெரியல."

"என்னடா சொல்றே?"

"பேசாதடா!" வென்லா அவன் வாயைப் பொத்தப் பாய்ந்தாள். அவள் கை அவன் காதில் போய் மோதியது.

பைவி அந்தக் கையையே பார்த்தாள். சிர்க்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"அவளும்... தடவித்தாம்மா பறிச்சா," என்றான் நீலோ. "சொல்லிடலாம்னேன். 'வேணாம்... பொறாமைன்னா அம்மா திட்டத்தான் செய்வா. நெசத்தச் சொன்னா... மறுபடியும் அழுவா'ன்னு சொல்லிட்டாம்மா."