தம்பிக்கு உருட்டிய கல்

வேட்டைக் கறியைப் பங்கு போடும்போது எல்லாரும் வட்டமாகத் தரையில்தான் குந்துவார்கள். மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட செம்பனால் மட்டும் குந்த முடியவில்லை. அவனுடைய அக்கா கொன்றை, அவன் உட்கார ஆற்றிலிருந்து ஒரு கல்லை உருட்டிவந்து போட்டாள். உயரத்தில் இருந்ததால், யாருக்குப் பங்கு குறைச்சல் என்பது அவன் கண்ணில்தான் முதலில் பட்டது. சொன்னான், சரியாகவும் இருந்தது. பிறகு வெட்டுவதற்கு முன்பே அவனைக் கேட்டார்கள். சண்டை ஓய்ந்ததில் எல்லாருக்கும் நிம்மதி.

கால் தேறி அவன் மறுபடி வேட்டைக்கு ஓடிய அன்று, கொன்றை கல்லை ஆற்றுக்கே தள்ளிவிடப் போனாள். ஒருவரும் கைகொடுக்கவில்லை.

“கிடக்கட்டும் விடு. கல்ல எடுத்துட்டா அப்புறம் பங்கு யாரு சொல்றது?” என்றான் கறி வெட்டுகிறவன்.

“நாமதான். முன்னெல்லாம் சொல்லலையா?”

வேட்டையிலிருந்து செம்பன் வந்து கல்லில் உட்கார்ந்தான்.

“கொன்றை, தள்ளி உக்காரு.”

பேச்சு வந்த நாளிலிருந்து அவளை அக்கா என்று மட்டுமே கூப்பிட்டவன்.

அவள் தள்ளி உட்கார்ந்தாள். இலையில் அவள் பங்கு வந்தது. நல்ல பசி. கறியை எடுக்கப் போன தன் கை பாதியில் நின்றுவிட்டதை அவளே பார்த்தாள். சுற்றிலும் எல்லாக் கைகளும் அப்படியே நின்றிருந்தன. கல்லில் இருந்தவன் இன்னும் வாயில் வைக்கவில்லை.