செவ்வாய் அரசியின் புடவை

செவ்வாய் அரசி விண்கலத்தை விட்டு இறங்கியதும், ஆரணி தியேட்டரில் இரண்டு வரிசை ஜனம் மட்டும் எழுந்து நின்று விசிலடித்தது.

மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வில்லிக்கு யாராவது விசிலடிப்பார்களா?

அடிப்பார்கள். அரசியின் தோளிலிருந்து தரை வரைக்கும் புரண்ட அந்த மயில்கழுத்துப் பட்டு, இந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஸ்வர்ணலதா தன் கையால் நெய்தது. முந்தானையில் ஒரே ஒரு அன்னம் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். தறியில் டிசைன் அட்டை மாறி விழுந்ததால் வந்த பிழை. திரையில் அந்த அன்னம் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. இரண்டு வரிசையிலும் நிறைந்திருந்த அவள் தெரு ஜனங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஸ்வர்ணலதா மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, எங்கேயாவது நெருப்பு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

'செவ்வாய்க் கோட்டை'க்கு இது ஐந்தாம் பாகம். முந்தின நாலும் அவளுக்கு மனப்பாடம். எந்தப் பாகமானாலும் வில்லனை நாயகன் கடைசியில் நெருப்பு வைத்துத்தான் முடிப்பான். போட்டிருக்கிற துணியோடு.

மாப்பிள்ளை அமையும் முன்பே, தன் கல்யாணத்துக்கென்று அவள் ஆசையாக நெய்து வைத்த புடவை அது.

இந்தப் படத்தில் உடைகள் பார்க்கிற வேலை களம்பூர் சதீஷுக்கு. துணி தேடித் தெருவுக்கு வந்தவன் அதைப் பார்த்துவிட்டு இரவலாகக் கேட்டான். ஒரு இழை கெடாமல் திருப்பித் தருவதாகச் சொன்னான். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இவளும் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

படம் வெளிவரும்வரை உடைகளை வெளியே விடமாட்டார்களாம். புடவை இன்னும் வீடு திரும்பவில்லை.

அன்றிலிருந்து அம்மா பொன்னம்மாள் வாயைத் திறந்தால் குத்தல்தான். சினிமாக்காரனாவது, சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதாவது. இன்றைக்கும், அந்தப் புடவைக்குக் கருமாதி பார்க்கத்தான் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

பறக்கும் பைக்கில் நாயகன் வந்தான். தியேட்டர் அதிர்ந்தது.

இரண்டு வரிசை மட்டும் அரசியை ஓடச் சொல்லிக் கத்தியது. எதிர்வீட்டு பலராமன் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். இடது பக்கம் சந்து இருக்கிறது, ஜல்தியாகப் போ என்று அரசிக்கு வழி சொன்னார். முன்னால் இருந்தவன், பெரியவருக்கு மறை கழன்றுவிட்டதா என்று பக்கத்திலிருந்தவனிடம் விசாரித்தான்.

அரசி ஓடினாள். கோபுரம் சரிந்தது, தப்பினாள். பாலம் இடிந்தது, தாவினாள். புடவை பின்னால் காற்றில் பறந்தது.

முந்தானையில் தீப்பிடித்தது.

ஸ்வர்ணலதா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

பொன்னம்மாள் கண்ணை எடுக்கவில்லை. நெருப்பையே உற்றுப் பார்த்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கண்ணத் தொறந்து பாருடி. உருகுது."

திரை முழுக்க, துணியின் ஓரம் கொப்பளித்துச் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது.

பட்டு உருகாது. கடையில் ஒரு இழையைப் பிய்த்துக் கொளுத்திக் காட்டுவார்களே. சுருண்டு கருகும், தலைமுடி பொசுங்குகிற நாற்றம் அடிக்கும், விரலில் தேய்த்தால் பொடியாகும். அவ்வளவுதான். ஒழுகினால் அது நைலான். எரிப்பதற்கென்றே சதீஷ் அச்சு அசலாக இன்னொன்று செய்திருக்கிறான்.

இரண்டு வரிசையும் ஆளுக்கு ஆள் கட்டிக்கொண்டு குதித்தது. அரசி சாம்பலானாள். தங்கள் நாயகனுக்குத்தான் இந்தக் கூத்து என்று நினைத்து மொத்தத் தியேட்டரும் சேர்ந்துகொண்டது. முன்னால் இருந்தவன் பலராமனை அலாக்காகத் தூக்கிவிட்டான்.

ஸ்வர்ணலதா கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்தாள்.

யாருக்கு என்று பொன்னம்மாள் கேட்கவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"புடவைய எடுத்துகினு வரச் சொல்லு. வரும்போது அவங்க அம்மாவையும் கூட்டிகினு வரச் சொல்லு."