கோவளம் வீட்டில் குடியிருப்பவர்கள்

மகள் துர்கா காய்ச்சலில் இறந்த பிறகு, சுபத்ராவும் ஹேமநாத்தும் கோவளம் வீட்டில் இருக்கமுடியாமல் தாம்பரத்துக்குக் குடிவந்துவிட்டார்கள். சனி, ஞாயிறுகளில் கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு அந்த வீட்டை நாள் வாடகைக்கு விட்டார்கள்.

வந்தவர்கள் சாவியைத் திருப்பித் தரும்போது தவறாமல் ஒன்றைச் சொன்னார்கள். "உங்க பொண்ணு செம வாலு ஆன்ட்டி. எங்க பசங்களோட ஒரே ஆட்டம்."

சுபத்ரா மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொள்வாள். அவளும் எத்தனையோ முறை அங்கே தங்கிப் பார்த்திருக்கிறாள். அவள் கண்ணில் யாரும் பட்டதில்லை.

"மாச வாடகைக்கு ஒரு ஃபேமிலி கேக்குறாங்க. விட்டுடலாமா?" என்றார் ஹேமநாத்.

"வேணாங்க. அப்புறம் அவளைப் பத்தி யாரு வந்து சொல்லுவாங்க?"

அடுத்த வாரம் சாவி கொடுக்க வந்த ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நாங்க கிளம்புறப்போ பாப்பா கேட்டைப் பிடிச்சுக்கிட்டு அழுதா ஆன்ட்டி. எல்லாரும் விட்டுட்டுப் போயிடுறாங்களாம்."

அன்றைக்கே வீட்டை அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடச் சொன்னாள் சுபத்ரா. கணவன், மனைவி, இரண்டு பையன்கள். குடிவந்த பிறகு அவர்களிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. பொறுக்கமுடியாமல் ஒருநாள் அவளே போன் செய்தாள்.

"அங்க வேற யாரையாவது பாத்தியாம்மா?"

"இல்லையே ஆன்ட்டி. நாங்க அஞ்சு பேர் மட்டும்தானே இருக்கோம்."

பின்னால் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. சுபத்ரா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டாள்.