பாதி சவரம்

ஏரியைத் தூர்த்து பஸ் ஸ்டாண்டு கட்டலாமா வேண்டாமா என்று மறுநாள் கிராம சபையில் கை தூக்கியாக வேண்டும். இரண்டு தரப்பையும் கேட்டுவிடலாம் என்று தணிகாசலம் ஒரு வாரத் தாடியோடு சலூனுக்குள் நுழைந்தார். அங்கே முதுகுக்கு முதுகாக இரண்டு நாற்காலி. ஒன்று அண்ணன் ஏகாம்பரத்துடையது, மற்றது தம்பி சபாபதியுடையது. கட்சிச் சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்று பல வருஷம். "பாதி இங்கே, மீதி அங்கே" என்று சொல்லி அண்ணனிடம் உட்கார்ந்தார். நுரையின் குளிர்ச்சியில் கண் செருகியது. "பஸ் ஸ்டாண்டு வந்தாத்தாங்க ஊரு உருப்படும்" என்றது ஒரு குரல். கத்தி மேகத்தை வழிப்பதுபோல் இறங்கியது. எழுந்து, மிதந்துபோய், எதிர் நாற்காலியில் சாய்ந்தார். "ஏரி போச்சுன்னா ஊரே போச்சுங்க" என்றது இன்னொரு குரல். அதே நுரை, அதே கத்தி, அதே படிகார எரிச்சல். இரண்டு பக்கமும் முடிந்த நிறைவோடு வெளியே வந்து, எதிரே இருந்த ஏரியில் முகம் கழுவக் குனிந்தவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். இரண்டு முறை மழித்ததில் இடது கன்னம் சிவந்து பளபளத்தது. வலது கன்னத்தில் தாடி அப்படியே இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "என்னங்க, ஒரு பக்கத்தை விட்டுட்டாங்களா?" தணிகாசலம் ஈரக் கரையில் உட்கார்ந்து, தாடி இருந்த கன்னத்தை அவள் பக்கம் திருப்பினார்.