யாரிடமும் சொல்லாதீர்கள்

ஃபோனில் குறுஞ்செய்தி வந்த சத்தம். எடுத்துப் பார்த்தார். பழக்கதோஷம், படித்தும் விட்டார்.

"ஏழு மூணு ஒண்ணு ஒம்பது ரெண்டு ஆறு."

சமையலறையைப் பார்த்துத்தான் சொன்னார். ஒரே மூச்சில், உரக்க.

சொல்லி முடித்த பிறகுதான் அங்கே யாரும் இல்லை என்பது உறைத்தது.

மனைவி கமலவேணி ஆடியில் போய்ச் சேர்ந்தாள். இப்போது மார்கழி.

கிரெடிட் கார்டு அவர் பெயரில்தான். ஓடிபி வருவதும் அவர் ஃபோனுக்குத்தான். வாங்குவது மட்டும் அவள். கார்டின் முன்பக்கத்து எண், பின்பக்கத்து எண் எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவருக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஃபோனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துக்கொள்வாள். டீ வடிகட்டி, தலையணை உறை, அவருக்கு முட்டிவலித் தைலம். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குரல் வரும்.

"ஏனுங்க, நம்பர் வந்துருச்சுங்களா?"

கூடத்திலிருந்தே படிப்பார். தெருக்கோடி வரை கேட்கும். 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று செய்தியின் கடைசியில் இருப்பதையும் விடாமல் படிப்பார். அவள் சிரித்துக்கொண்டே இருப்பாள்.

மனுஷர் அவசரக் குடுக்கை. கடகடவென்று ஒப்பிப்பார். அவள் ஏதாவது ஒன்றை மாற்றிப் போட்டுவிடுவாள். மறுபடி நம்பர் வரும். மறுபடி கத்துவார். பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே ஒரு சட்டம் போட்டாள். ஒவ்வொன்றாகத்தான் சொல்ல வேண்டும். அவள் 'ம்' என்ற பிறகுதான் அடுத்தது.

கையிலிருந்த ஃபோன் அடித்தது.

வங்கியிலிருந்து ஒரு பெண். சின்னக் குரல். அவருடைய கார்டில் யாரோ ஆன்லைனில் பொருள் வாங்கப் பார்க்கிறார்கள், அது அவர்தானா என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். தொகை கொஞ்சம் பெரியது. எப்போதோ வாங்கிய ஏதாவது ஒரு கடையில் கார்டு எண் பதிவாகி இருந்திருக்கும், அங்கிருந்து திருட்டுப் போயிருக்கலாம். பணம் இன்னும் போகவில்லை. இப்போதே புகார் செய்தால் கார்டை முடக்கிவிடுவார்கள். ஒரு பைசா அவர் தலையில் விழாது. புதுக் கார்டு வீட்டுக்கே வந்துவிடும்.

"நம்பரும் புதுசுங்களா அம்மணி?"

"ஆமாங்க சார். பழைய நம்பர் யாருகிட்ட இருந்தாலும் இனிமே செல்லாது."

யாரிடம் இருந்தாலும்.

வேணியுடைய சிம் கார்டை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார். ரேஷன் கார்டில் பெயரை எடுக்க வேண்டும் என்றார்கள், எடுத்தார். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். அவளுக்குத் தெரிந்தபடியே இன்னும் இருப்பது இந்த நம்பர் ஒன்றுதான்.

அவ்வளவு பெரிய தொகைக்கு வேணி ஒரு நாளும் எதுவும் வாங்கியதில்லை. திருடன்தான். அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

"ஓடிபிகூடப் போட்டுப் பாத்திருக்காங்க சார்" என்றாள் அந்தப் பெண். "தப்பாப் போட்டதாலதான் பணம் போகல. நீங்க யாருக்கும் சொல்லலீங்களே?"

அவர் சமையலறையைப் பார்த்தார்.

பயமாக இருந்தது. பயத்தைவிட ஆசையாக இருந்தது.

"சொன்னேனுங்க."

"யாருகிட்டங்க சார்?"

"வீட்லதான்."

அந்தப் பக்கம் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றாள். அப்படியென்றால் கார்டை முடக்க வேண்டாமா என்றாள். வேண்டாம் என்றார். அவரே நம்பர் சொல்லிப் பணம் போனால் பிறகு வங்கி பொறுப்பேற்காது, இந்தப் பேச்சு பதிவாகிறது, பரவாயில்லையா என்று கடமைக்கு ஒருமுறை கேட்டாள்.

பரவாயில்லை என்றார்.

ஃபோனைக் கீழே வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த குறுஞ்செய்தி வந்தது.

நாற்காலியைச் சமையலறை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து மாட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எட்டு" என்றார்.

நிறுத்தினார்.

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போகும்வரை பொறுத்திருந்தார். அதன் பிறகும் பொறுத்திருந்தார். இந்த முறை அவசரப்படவில்லை.

பிறகு, அடுத்த எண்ணைச் சொன்னார்.